தட்டும் முற்றமும்

1982ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாள். திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சி என்னும் ஊரில், அன்றைய தமிழக முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அன்று முதல் தமிழகத்தின் சிற்றூர்களில் 2 வயது முதல் 5 வயது வரையிலான குழந்தைகளுக்குக் குழந்தைகள் நல மையங்களிலும், 5 முதல் 9 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளிகளிலும் நாள்தோறும் மதியம் சூடான உணவு பரிமாறப்படலாயிற்று. பயன்பெற்ற குழந்தைகள் ஏறத்தாழ 60 லட்சம் பேர். அதே ஆண்டு செப்டம்பர் 15 முதல் திட்டம் நகரங்களுக்கும் வந்தது. 1984 செப்டம்பரில் 15 வயது வரையிலான பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிந்தது.

திருச்சியிலிருந்து தஞ்சைச் சாலையில் செல்லும்போது காட்டூரை ஒட்டி இருக்கிறது அந்தப் பாப்பாக்குறிச்சி. 2011இல் அது திருச்சி மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டது. பேருந்தில் செல்லும் நம்மில் எத்தனை பேருக்கு, தமிழகக் குழந்தைகளின் வரலாற்றில் அந்த ஊருக்கு உள்ள இடம் தெரியும்? நம் மறைமாவட்டத்தின் எல்லைக்குள் நடந்த இந்நிகழ்ச்சியை நினைவுகூர்வது, அரசியல் தலைவர் ஒருவரைப் புகழ்வதற்காக அன்று. சின்னஞ்சிறு குழந்தையை வளர்ப்பது யார் பொறுப்பு என்னும் கேள்விக்கு ஒரு சமுதாயம் எப்படிப் படிப்படியாக விடை தேடிற்று என்பதை அறிந்துகொள்வதற்காகவே.

குழந்தை வளர இரண்டு வேண்டும். ஒன்று, உண்ண நல்ல உணவு. மற்றொன்று, ஓடியாட இடமும் நேரமும். தட்டு என்றும் முற்றம் என்றும் இவற்றைச் சுருக்கமாகக் குறிப்போம். தட்டுக்காக நம் மாநிலம் நூறாண்டுக் காலம் உழைத்து, பெரிதும் வெற்றி கண்டுள்ளது. முற்றத்தின் கதையோ வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான், நம் பங்குகளுக்கும் பள்ளிகளுக்கும் இதில் என்ன பணி இருக்கிறது என்பது விளங்கும்.

ஓர் அணாவில் தொடங்கிய பந்தி

சத்துணவின் வரலாறு 1982இல் தொடங்கவில்லை. 1920ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு வழங்க ஏற்பாடு செய்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது மாமன்றத்தின் கட்டளை. வறுமையால் பள்ளிக்கு வராதிருந்த பிள்ளைகள் வரத் தொடங்கினர். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு உணவு விரிவடைந்தது. இந்த ஐந்து பள்ளிகளிலும் 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671ஆக உயர்ந்தது. ஆயினும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அன்றைய அரசு இசையாததால், 1925 ஏப்ரலில் பந்தி நின்றுபோயிற்று. மீண்டும் அது தொடங்க 1927 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அடுத்த பெரிய அடியை எடுத்து வைத்தவர் பெருந்தலைவர் காமராசர். 1950களின் நடுவில், பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் துணையோடு அவர் மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் பரப்பினார். அரசு ஒரு பங்கு கொடுத்தது. ஊர் மக்கள் ஒரு பங்கு சேர்த்தார்கள். நெல் கொடுத்தவர், விறகு கொடுத்தவர், காய்கறி கொடுத்தவர் என ஊரே கூடிப் பிள்ளைகளுக்குச் சோறிட்டது. 1961 முதல் அமெரிக்கத் தொண்டு நிறுவனமான ‘கேர்’ வழங்கிய பால் பவுடரும் மக்காச்சோள மாவும் எண்ணெயும் வந்து சேர்ந்தன. அக்காலத்தில் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த மஞ்சள் நிற உப்புமாவின் மணம் இன்றும் நினைவிருக்கும்.

இவ்வாறு இருந்ததை விரிவாக்கிப் பள்ளி வயதுக்கும் முந்திய குழந்தைகளை உள்ளே கொண்டுவந்ததே 1982இன் சிறப்பு. சிறு வயதில் கும்பகோணத்தில் தாம் அனுபவித்த பசியே இத்திட்டத்திற்குக் காரணம் என்று எம்.ஜி.ஆர். கூறிவந்தார். பொருளாதார அறிஞர்கள் பலர் குறை கூறினர். வரிப்பணத்தைச் சோறாக்கி இறைப்பது வாக்கு வாங்கும் வழி என்றனர் சிலர். ஆயினும் மையம்தோறும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூன்று பெண்களுக்கு வேலை கிடைத்தது. கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் அதில் முன்னுரிமை தரப்பட்டது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றை உண்டனர். பட்டியலினப் பெண் சமைத்ததை எங்கள் பிள்ளை உண்ணாது என்று தடுத்த பெற்றோரைப் பற்றிய செய்திகள் அண்மை ஆண்டுகளிலும் வந்துள்ளன என்பதை எண்ணும்போது, அந்தப் பந்தி செய்த பணியின் அருமை புரியும்.

தமிழகத்தின் இந்த அனுபவம் பிற்காலத்தில் நாட்டுக்கே முன்மாதிரியாயிற்று. 1995 ஆகஸ்ட் 15இல் நடுவணரசு தொடக்கப் பள்ளிகளுக்கான தேசிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பல மாநிலங்கள் சமைத்த உணவுக்குப் பதில் தானியத்தையே அளந்து கொடுத்தன. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் சமைத்த உணவையே வழங்க வேண்டும் என ஆணையிட்டது. பாப்பாக்குறிச்சியில் கண்ட நடைமுறை இந்தியச் சட்டநெறியின் பகுதியாயிற்று.

வயிறு நிறைந்தால் போதுமா?

பசி தீர்வது வேறு. ஊட்டம் பெறுவது வேறு. இந்த வேறுபாட்டை உலகுக்கு உணர்த்திய ஆய்வுகளில் ஒன்று நம் நீலகிரி மலையில்தான் நடந்தது. குன்னூரில் உணவாய்வுக் கூடத்தை நடத்திய இராபர்ட் மெக்காரிசன் என்னும் மருத்துவ அறிஞர், 1920களில் இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து, அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டுப் பார்த்தார். முழுக்கோதுமை, பால், பருப்பு, காய்கறி உண்ணும் சீக்கியரின் உணவில் வளர்ந்த எலிகள் திடமாக இருந்தன. சென்னை மாகாணத்து அரிசி உணவில் வளர்ந்தவையே எடையில் கடைசியாக நின்றன. வயிறு நிறையச் சோறிருந்தும் பால், பருப்பு, கீரை முதலியவை குறைந்ததே அதற்குக் காரணம்.

அரிசியைக் குறை சொல்வதற்கில்லை. நெல்லைப் புழுக்கிக் குத்தும் நம் பாட்டிமாரின் வழக்கம், தவிட்டோடு போய்விடக்கூடிய உயிர்ச்சத்தை மணிக்குள்ளேயே தங்கச் செய்கிறது. மிகுதியும் தீட்டிய பச்சரிசியையே நம்பி வாழ்ந்தவர்களைத் தாக்கிய ‘பெரிபெரி’ நோய், புழுங்கலரிசி உண்டவர்களை அவ்வளவாக அணுகவில்லை. துறையூர், மணப்பாறைப் பக்கத்து மானாவாரி நிலங்களில் விளைந்த கம்பும் சோளமும் வரகும் உழைப்பவர் உணவாக இருந்தன. அவை ஏழைகளின் தானியம் எனத் தள்ளப்பட்டபோது நம் தட்டிலிருந்து சத்தும் விலகிற்று.

சத்துணவின் பிந்திய வரலாறு, குன்னூர் உணர்த்திய பாடத்தை அரசு மெல்ல மெல்லக் கற்றுக்கொண்ட வரலாறு என்றே சொல்லலாம். 1980இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஊர்ப் பெண்களே மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து அட்டையில் குறித்தனர். எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு உருண்டை தரப்பட்டது. அடுத்து முட்டை வந்தது. 1989இல் கலைஞர் கருணாநிதியின் அரசு இரண்டு வாரத்திற்கு ஒரு முட்டை வழங்கியது. 1998இல் அது வாரம் ஒன்றாயிற்று. 2006இல் வாரம் இரண்டாகி, 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஐந்து என உயர்ந்தது. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைத்தது. பச்சைப் பயறும் கொண்டைக்கடலையும் உருளைக்கிழங்கும் இடம்பெற்றன. 2013இல் ஜெயலலிதா அரசு கறிவேப்பிலைச் சாதம், தக்காளிச் சாதம் போன்ற கலவைச் சாதங்களை முதலில் சில இடங்களிலும் பின்னர் மாநிலம் முழுவதிலும் புகுத்தியது. ஆட்சிகள் மாறினும் தட்டிலிருந்து எதுவும் எடுக்கப்படவில்லை. புதிதாக ஒன்று சேர்ந்துகொண்டே வந்தது. கட்சிப் பூசல் மிகுந்த நம் அரசியலில் இது வியப்புக்குரிய ஒற்றுமை அன்றோ?

2022 செப்டம்பர் 15இல் மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இவ்வரிசையில் அடுத்த படி. மறு ஆண்டு அது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் அது விரிவாக்கப்பட்டபோது, அதன் தொடக்க விழா திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியிலுள்ள புனித அன்னாள் பள்ளியில் நடந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளில் பயிலும் ஏழைப் பிள்ளைகளும் இனிக் காலைப் பசியோடு முதல் பாடவேளையில் அமர வேண்டியதில்லை.

முற்றத்தின் கதை

இனி, கதையின் மறுபாதிக்கு வருவோம். ஆயிரம் விளக்கில் ஓரணாப் பந்தி தொடங்கிய அதே 1920ஆம் ஆண்டு, அதே சென்னையில், ஹாரி குரோ பக் என்பவர் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென்று இந்தியாவில் எழுந்த முதல் கல்லூரி அது. ஒரே ஊரில், ஒரே ஆண்டில் ஓரிடத்தில் பிள்ளையின் வயிற்றைப் பற்றியும், மற்றோரிடத்தில் பிள்ளையின் கை கால்களைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு கவலைகளும் பின்னர் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை. உடற்கல்வி ஆசிரியர் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். சமையலர் பால்வாடிக்கு வந்தார். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் விளையாட்டுக்கென்று யாரும் வரவில்லை.

இத்தனைக்கும், சிறு குழந்தைகளுக்கான கல்வி நிலையங்கள் யாவும் முற்றத்திலிருந்தே பிறந்தவை. 1837இல் ஜெர்மனியின் பிளாங்கன்பர்க் நகரில் பிரெடரிக் புரோபல் தம் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அதற்குக் ‘கிண்டர்கார்ட்டன்’ எனப் பெயரிட்டார். குழந்தைகளின் தோட்டம் என்பது அதன் பொருள். அங்கே பிள்ளைகள் மண்ணைக் கொத்தினர், செடி வளர்த்தனர், வட்டமாக நின்று ஆடினர். 1907இல் உரோமை நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காகக் ‘குழந்தைகள் இல்லம்’ திறந்த மரியா மாண்டிசோரி அம்மையார், குழந்தை அசைந்தும் நடந்தும் தொட்டும்தான் கற்கிறது என்பதைத் தம் ஆய்வால் நிலைநாட்டினார். பெஞ்சில் ஆணியடித்தாற்போல் அமர்த்தப்பட்ட பிள்ளையைக் கண்டு அவர் வருந்தினார். அவர் நமக்கு அந்நியர் அல்லர். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். உலகப்போரின் காரணமாகத் தாயகம் திரும்ப இயலாமல் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார்.

நம் நாட்டில் தாராபாய் மோடக் அம்மையார் 1945இல் மகாராஷ்டிரத்துக் கடற்கரை ஊரான போர்டியில் சிற்றூர்க் குழந்தைகளுக்கான பணியைத் தொடங்கினார். பள்ளிக்கு வராத ஏழைப் பிள்ளைகளைத் தேடி அவரே அவர்களின் குடியிருப்புகளுக்குச் சென்றார். அங்கே வீட்டு முற்றத்தில் நடந்த பள்ளிக்கு ‘அங்கன்வாடி’ என்று பெயர் வந்தது. ‘ஆங்கன்’ என்றால் முற்றம். நம் பழந்தமிழிலும் அங்கணம் என்னும் சொல் முற்றத்தைக் குறிக்கும். 1975 அக்டோபர் 2இல் நடுவணரசு 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகளைத் தொடங்கியபோது அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டது. இன்று தமிழகத்தில் சுமார் 54,000 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. முற்றத்தின் பெயரைத் தாங்கிய அந்த மையங்களில், குழந்தை ஓடுமளவுக்கு முற்றமுள்ளவை எத்தனை? வாடகை அறையிலும் தெருவோரக் கட்டடத்திலும் இயங்கும் மையங்களை நகர்ப்புறத்தில் நாம் எளிதில் காணலாம்.

உணவுக்கு அளவு உண்டு. ஒரு குழந்தைக்கு இத்தனை கிராம் அரிசி, இத்தனை கிராம் பருப்பு என்று ஆணை உண்டு. விளையாட்டு நேரம் பாடத்திட்டத்தில் எழுதப்பட்டிருந்தாலும், அதற்கு வேண்டிய நிலத்தை யாரும் அளந்து தரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டிடம் வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் அது 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கான சட்டம். ஆறு வயதுக்குக் கீழே உள்ளவர்களை அரசு கவனித்துக்கொள்ள முயல வேண்டும் என்ற அளவோடு அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு நின்றுவிடுகிறது. ஓடுவதே தொழிலாகக் கொண்ட வயதினருக்கு ஓடும் உரிமை எழுதப்படாமலே போயிற்று.

தீவின் வீதிகள்

ஒரு காலத்தில் இதற்கெனச் சட்டம் தேவைப்படவில்லை என்பதும் உண்மை. திருவரங்கத்தை எண்ணிப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த அத்தீவில், கோயிலைச் சுற்றி மதிலுக்குள் மதிலாக வீதிகள். உத்திர வீதியும் சித்திரை வீதியும் தேர் ஓடுவதற்காக அகலமாக அமைந்தவை. தேர் ஓடாத நாட்களில் அவை பிள்ளைகளின் ஆடுகளமாயின. பம்பரமும் கோலியும் கிட்டிப்புள்ளும், பாண்டியும் கண்ணாமூச்சியும் அங்கே நடந்தன. வீட்டுத் திண்ணையில் அமர்ந்த முதியவர் யார் பிள்ளை எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டார். கோடையில் ஆற்று மணலே மைதானம்.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறைக்குக் குடும்பங்கள் நடந்தே வரும். பிள்ளைகள் சிறு சப்பரங்களைக் கயிறு கட்டி இழுத்து வருவர். ஆற்றங்கரையில் காப்பரிசியும் பலவகைச் சாதமும் பகிர்ந்து உண்பர். உணவும் ஓட்டமும் உறவும் ஒரே நாளில் இயல்பாக ஒன்று சேர்ந்த பண்பாடு அது. சமய எல்லைகளைக் கடந்து, காவிரிக் கரையில் வாழும் நாம் அனைவரும் அதன் வாரிசுகளே.

1994இல் திருச்சி, திருவரங்கம், பொன்மலை நகராட்சிகள் இணைந்து மாநகராட்சி பிறந்தது. ஊர் வளர்ந்தது, வண்டிகள் பெருகின, தேரோடும் வீதி நிறுத்துமிடமாயிற்று. திண்ணைகள் கடைகளாயின. அடுக்கு மாடிக் குடியிருப்பில் வளரும் மூன்று வயதுக் குழந்தைக்கு வீட்டு வாசல் என்பது மின்தூக்கியின் கதவு. தாயும் தந்தையும் வேலைக்குச் செல்வதால், அக்குழந்தை விழித்திருக்கும் நேரத்தின் பெரும்பகுதி இன்று காப்பகத்திலோ மழலையர் பள்ளியிலோ கழிகிறது. வீதி செய்த வேலையை இனி அந்த நிலையங்களே செய்தாக வேண்டும். அவை செய்கின்றனவா?

இடமில்லாத கட்டடம் எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதைக் காவிரிக்கரை கண்ணீரோடு கண்டது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், நெருக்கமான தெருவில் அமைந்த ஒரு பள்ளிக் கட்டடத்தில், மதிய உணவு சமைத்த கீற்றுக் கொட்டகையிலிருந்து எழுந்த தீ மேலே பரவி 94 குழந்தைகளை உயிரோடு எரித்தது. குறுகிய படிக்கட்டு, கூரையாய் வேய்ந்த கீற்று, திறந்த வெளியே இல்லாத வளாகம். அங்கே பிள்ளைகளுக்கு உணவு இருந்தது. ஓடித் தப்ப இடமில்லை. அதன் பின்னர் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. தீயணைப்பு விதிகள் கடுமையாயின. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் அந்தப் பேரிழப்பு நம்மிடம் எழுப்பிய அடிப்படைக் கேள்வி, குழந்தைக்கு எவ்வளவு வெளி வேண்டும் என்பது. அதற்கு நாம் இன்னும் முழுமையாக விடை சொல்லவில்லை.

ஒரே வகுப்பில் இரு குறைகள்

2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதத்தினர் எடை குறைந்தவர்கள். 57.4 சதவீதத்தினருக்கு இரத்த சோகை. அதே வயதினரில் 4.3 சதவீதத்தினர் உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். சத்துணவும் முட்டையும் தந்த மாநிலத்தில் இன்னும் இவ்வளவு குறையா என்று மலைக்க வேண்டாம். தூய குடிநீர், தாயின் நலம், நோய்த்தொற்று எனப் பலவும் இதில் சேர்கின்றன. ஆனால் மெலிந்த குழந்தையும் பருத்த குழந்தையும் ஒரே ஊரில், சில வேளைகளில் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கிறார்கள் என்பது புதிய நிலை. பருத்த குழந்தைக்கும் சோகை இருக்கலாம். இருவருக்கும் பொதுவான மருந்து, நல்ல உணவும் நாள்தோறும் ஓட்டமும்தான்.

விந்தை ஒன்றையும் கவனியுங்கள். அங்கன்வாடிக்குச் செல்லும் கூலித் தொழிலாளியின் குழந்தை இன்று முட்டையும் பயறும் காய்கறியும் உண்கிறது. கட்டணம் செலுத்திப் படிக்கும் நடுத்தர வீட்டுக் குழந்தையின் டப்பாவிலோ கிரீம் பிஸ்கட்டும், பொட்டலத்தில் அடைத்த வறுவலும், இரண்டு நிமிட நூடுல்சும். சத்துணவு ஏழைகளுக்கு என்று எண்ணிய நாம், சத்தே ஏழைகளுக்குத்தான் என்பதுபோல் நடந்துகொள்கிறோம். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என 2020இல் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்தது. கடையில் விற்பதை விதி தடுக்கலாம். தாய் கட்டிக் கொடுக்கும் டப்பாவுக்குள் எந்த ஆய்வாளர் எட்டிப் பார்ப்பார்?

அசைவைப் பற்றியும் தெளிவான அளவு இன்று உண்டு. 2019இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 3, 4 வயதுக் குழந்தை நாளொன்றுக்கு 180 நிமிடங்களாவது உடலை அசைத்து ஆட வேண்டும். அதில் 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமாக இருக்க வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேற்படக் கூடாது. ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் குழந்தையைக் கட்டி உட்காரவைக்கக் கூடாது. நம் மழலையர் வகுப்பின் கால அட்டவணையை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். வீட்டுப்பாடம் எழுதும் மூன்று வயது விரல்களைப் பாருங்கள். ‘படிக்கவில்லை, விளையாடிக்கொண்டே இருக்கிறான்’ என்று பெற்றோர் குறைபடுவதையும், அக்குறைக்கு அஞ்சிப் பள்ளிகள் விளையாட்டு மணியைச் சுருக்குவதையும் நினைத்துப் பாருங்கள்.

விவிலியத்தில் யாயிரின் மகளுக்கு இயேசு உயிரளித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். மாற்கு நற்செய்தியாளர் இரண்டு செய்திகளை அடுத்தடுத்து வைக்கிறார். சிறுமி எழுந்து நடந்தாள் என்கிறார். அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி ஆண்டவர் பணித்தார் என்றும் சொல்கிறார். உயிர் பெற்ற குழந்தையின் அடையாளம் நடமாட்டம். அடுத்த தேவை உணவு. இரண்டையும் ஆண்டவர் பிரிக்கவில்லை.

நம் வளாகங்கள்

திருச்சபையின் மரபிலும் இதற்கு நல்ல முன்னோடிகள் உண்டு. திருச்சிக் கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்துப் படைவீரர் பலர் மாண்டபோது, அவர்களின் பிள்ளைகளைச் சேர்த்துப் பராமரித்தவர், 18ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த லூத்தரன் மறைப்பணியாளர் சுவார்ட்ஸ். சபை வேறாயினும் அவர் பணியை நன்றியோடு நினைக்கிறோம். தூரின் நகரத் தெருச் சிறுவர்களுக்குப் புனித தொன் போஸ்கோ அமைத்த இல்லத்தில் ஆலயமும் வகுப்பறையும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் விளையாட்டுத் திடல். ஆசிரியரும் குருவும் திடலில் பிள்ளைகளோடு சேர்ந்து ஆட வேண்டும் என்பது அவர் வற்புறுத்திய நெறி. அவருடைய சபையினர் 1906இல் தஞ்சைக்கு வந்தபோது அந்நெறியும் காவிரிக்கரைக்கு வந்தது.

இன்று நகரங்களில் வெற்றிடம் என்று எஞ்சியிருப்பவற்றுள் கணிசமான பகுதி ஆலயங்களிடமும் பள்ளிகளிடமும் உள்ளது. ஞாயிறு திருப்பலிக்கு நிரம்பும் வளாகம், வாரநாட்களில் மாலை வேளையில் பூட்டிக் கிடப்பதைப் பல ஊர்களில் காண்கிறோம். சில இடங்களில் அழகுக்காகவும் வண்டி நிறுத்துவதற்காகவும் மண்தரை முழுவதும் கல் பாவப்படுகிறது. அத்தரையில் விழுந்த குழந்தையின் முழங்கால் சிராய்க்கும். நண்பகலில் வெறுங்கால் சுடும். வேப்பமரம் ஒன்றும், சிறிது மணலும், கீழே தொங்கும் கயிறும் போதும், நாற்பது குழந்தைகள் ஒரு மாலை முழுவதும் மகிழ்ந்திருப்பார்கள். இதற்கு நிதி திரட்ட வேண்டியதில்லை.

பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் நான்கு செய்திகளை எடுத்துப் பேசலாம் என்பது இக்கட்டுரையின் வேண்டுகோள். ஒன்று, மாலை 4 மணி முதல் 6 மணி வரை ஆலய வளாகத்தைப் பகுதியிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும், சமய வேறுபாடின்றித் திறந்துவிடுவது; முதியவர் இருவர் முறைவைத்து அமர்ந்து பார்த்துக்கொள்வது. முன்பு திண்ணை செய்த பணி இது. இரண்டு, அருகிலுள்ள அங்கன்வாடிக்கு முற்றம் இல்லையெனில், நாளுக்கு ஒரு மணி நேரம் நம் முற்றத்தை அதற்குத் தருவது. மூன்று, நம் மழலையர் பள்ளிகளில் பிறந்தநாளுக்கு மிட்டாய்ப் பொட்டலம் கொடுக்கும் வழக்கத்தை மாற்றி, சுண்டலோ கடலை உருண்டையோ வாழைப்பழமோ கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்துவது. வாரத்தில் ஒரு நாள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே உணவை ஒன்றாக அமர்ந்து உண்பது. நான்கு, கால அட்டவணையில் முதலில் விளையாட்டு நேரத்தை எழுதிவிட்டு, பிறகு எழுத்துகளுக்கு இடம் தேடுவது.

நான்காவதே கடினமானது. ஏனெனில் அதைத் தடுப்பவர் அரசோ நிர்வாகமோ அல்லர், நம் ஆசையே. தன் பிள்ளை பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு முன்னதாக எழுதப் படிக்க வேண்டும் என்னும் அந்த ஆசைதான் மூன்று வயதுக் கால்களைப் பெஞ்சுக்குக் கீழே தொங்கவிடுகிறது. ஆயிரம் விளக்கின் ஓரணாவுக்கும் ஒரு காலத்தில் எதிர்ப்பு இருந்தது, பாப்பாக்குறிச்சிக்கும் இருந்தது. பந்தி வென்றதற்குக் காரணம், ஒருவர் மாற்றி ஒருவர் அதைக் கைவிடாமல் காத்ததே. முற்றத்திற்கும் அப்படிப்பட்ட காவலர் வேண்டும். வரும் ஜூன் மாதத்தில் நம் பள்ளிகள் திறக்கும்போது, சேர்க்கைக்கு வரும் பெற்றோர் கட்டணம் எவ்வளவு, ஆங்கிலம் எப்போது தொடங்கும் என்று கேட்பதற்கு முன், என் குழந்தை ஓட இங்கே இடம் எங்கே என்று ஒரு கேள்வி கேட்டால், அதுவே நல்ல தொடக்கமாக அமையும்.